ஏழு மணி விளக்கு

நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி நடுவில்தான் தலைகாட்டும் எங்கள் தீவில்.
நார்வேயின் கடைக்கோடி. பிறந்ததிலிருந்து அப்படித்தான்.
ஆனால் அப்போதெல்லாம் சங்கு ஊதியது.

மீன் ஆலையின் சங்கு.
ஆறே முக்காலுக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று,
மூன்றரைக்கு, போய்த் தொலை என்பதுபோல் நீளமாய் ஒன்று.
முப்பத்தோரு ஆண்டுகள் காட் மீனின் முள்ளை உருவினேன்.
நாள் என்பது யாரோ நறுக்கித் தரும் துண்டு
என்றே இருந்துவிட்டேன்.

ஆலையை மூடினார்கள்.
ஒஸ்லோவிலிருந்து வந்த ஒருவர்
சங்கைப் பழம்பொருள் என்று வாங்கிக்கொண்டு போனார்.

முதல் குளிர்காலம்
பசித்தபோது ரொட்டி, சாய்ந்தபோது தூக்கம்.
சுதந்திரம் என்று தங்கை எய்டிஸிடம்
தொலைபேசியில் பீற்றிக்கொண்டேன்.
ஒருநாள் தலைவாரி, நல்ல கோட்டை மாட்டி,
மின்கட்டணச் சீட்டோடு வங்கிக்குப் போனேன்.
கதவு திறக்கவில்லை. தட்டினேன்.
தெருவில் ஈ காக்கை இல்லை.
இங்கே கடற்காகம்தான்; அதுவும் இல்லை.
மணி மூன்று, அதில் தப்பில்லை.
பின்னிரவு மூன்று.
பனியில் என் காலடித் தடம் மட்டும்
வீட்டிலிருந்து வங்கிப் படிவரை
நூல் பிடித்ததுபோல் நேராக வந்திருந்தது.
அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

அன்றிரவே, அல்லது அன்று காலையே,
பதினான்கு வரியில் ஒரு பட்டியல் எழுதினேன்.
உடற்பயிற்சி, ஸ்பானிய மொழி, நாட்குறிப்பு,
பச்சைத் தண்ணீரில் முகம்…
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.
மூன்றாம் நாள் ஸ்பானியம் செத்தது.
ஐந்தாம் நாள்
பட்டியலைப் பார்க்காமலே பால் எடுக்கப் பழகியிருந்தேன்.

கத்தி பிடித்தவளுக்கு வேறென்ன தெரியும்?
தலையை வெட்டு, வாலை வெட்டு, குடலை எடு.
மிஞ்சியது மூன்று.

ஏழு மணிக்கு ஜன்னலில் விளக்குப் போடுவது.
அலைத்தடுப்புச் சுவரின் முனைவரை நடந்து
அங்குள்ள இரும்பு வளையத்தைத் தொட்டுத் திரும்புவது.
நான்கு மணிக்கு உருளைக்கிழங்கு தோலுரிப்பது,
ஒருத்திக்கு இரண்டு.

இவ்வளவுதானா ஒட்னி, என்றாள் எய்டிஸ்.
இவ்வளவுதான்.

வளையம் கையுறைக்குள் புகுந்து கடிக்கும்.
சில நாள் காற்று முனைவரை விடாது;
பாதியில் நின்று அந்தத் திசைக்குக் கையை நீட்டிவிட்டு வருவேன்.
அதுவும் கணக்கில் சேரும் என்று நானே சட்டம் போட்டேன்.
விளக்குப் போடும்போது ஒன்றும் தோன்றாது.
டக்கென்று ஒரு சத்தம்.
நான் சொன்னேன், காலை ஆயிற்று.

டிசம்பரில் காய்ச்சல்.
ஒரு நாள் முழுக்கப் போர்வைக்குள்.
சாயங்காலம் கதவு இடிபட்டது.
எதிர்மாடியில் குடியிருக்கும் வைடோட்டாஸ்,
லித்துவேனியாவிலிருந்து நண்டுப் படகு வேலைக்கு வந்தவன்.
நலம் விசாரிக்க வந்திருக்கிறான் என்று
தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன்.

திட்டினான்.
உன் விளக்கைப் பார்த்துத்தானே எழுகிறேன்,
படகு போய்விட்டது, ஒரு நாள் கூலி போச்சு,
நீயெல்லாம் ஒரு மனுஷியா!

மன்னிப்புக் கேட்டேன்.
எதற்கென்று இன்றும் தெரியாது.
மணி ஐந்தாகியிருந்தது, பரவாயில்லை,
நான்கு கிழங்கு உரித்தேன்.
தின்றுகொண்டே திட்டினான்.
உப்புக் குறைவு என்றும் சொன்னான்.

ஜனவரியில் சூரியன் வந்தபோது
பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல் துறைமுகம்வரை கேட்டது.
நான் வளையத்தின்மேல் கை வைத்திருந்தேன்.
முதுகில் வெளிச்சம் விழுந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
பார்க்காமலிருக்க நான் என்ன துறவியா?

இப்போது மே மாதம்.
போகாதே என்று கெஞ்சிய சூரியன்
போ என்றாலும் போவதில்லை.
நடுநிசியில் யாரோ வேலிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள்.
ஆக, இரவையும் நானேதான் செய்யவேண்டியிருக்கிறது.
பத்து மணிக்குச் சாம்பல்நிறக் கம்பளியை
ஜன்னலில் ஆணிக்கு ஆணி மாட்டுகிறேன்.
சற்று நேரத்தில் எதிர்மாடியிலும்
ஒரு போர்வை கோணலாக ஏறுகிறது.

வலது ஓரத்து ஆணி தளர்ந்திருக்கிறது.
நாளை நடந்துவிட்டு வந்து அதை அடிக்கவேண்டும்.